கல்லை அளந்துவிட்டு டிராக்டரைப் பாருங்கள்: பாறை நிலத்துக்கு எந்த அளவு சிறிய டிராக்டர்?

புதிதாக நிலம் வாங்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எத்தனை எச்.பி. வாங்கலாம்?" வண்டல் மண்ணாக, சமதளமாக இருந்தால் அந்தக் கேள்வியில் பெரிய தவறில்லை. ஆனால் நிலமெங்கும் கல் கிடக்கிறது, சரிவில் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் எச்.பி. பற்றி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்டால் போதும். முதலில் தெரிய வேண்டியது டிராக்டரின் எடை. அதற்கும் முன்னால் கல்லின் எடை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குபோட்டாவின் பிஎக்ஸ்2380 மாடலில் எஞ்சின் 23 எச்.பி. அளவு, டிராக்டரின் எடை சுமார் 650 கிலோ. அதே நிறுவனத்தின் எல்2501 மாடலில் எஞ்சின் 25 எச்.பி.க்குச் சற்றுக் குறைவு. எடையோ 1,100 கிலோவைத் தாண்டும். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு குதிரை வித்தியாசம்கூட இல்லை. ஒரே கல்லைச் சங்கிலியில் கட்டி இழுக்கவிட்டால், ஒன்று சக்கரம் சுழன்று நின்ற இடத்திலேயே குழி பறிக்கும், மற்றது கல்லோடு நகரும். கல்லை இழுப்பது எஞ்சின் மட்டுமல்ல. டயர் தரையை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதுதான் பாதி விஷயம்.

முதல் வேலை: கடப்பாரையோடு அரைநாள் நடை

விற்பனைக் கூடத்துக்குப் போகுமுன் ஒரு கடப்பாரை, ஒரு டேப், கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்துவிடுங்கள். அகற்ற வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் சுற்றிலும் ஒரு முழம் தோண்டுங்கள். கீழே போகப் போக அகலம் கூடிக்கொண்டே போனால் அது கிடக்கிற கல் இல்லை, அடிப்பாறையின் தலை. அதைப் பெயர்ப்பது எந்தச் சிறிய டிராக்டருக்கும் கல்லில் நார் உரிக்கும் வேலை. பாதையையோ வேலியையோ அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவதே லாபம்.

அசைகிற கல்லின் எடையை எப்படிக் கணக்கிடுவது? கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். உருண்டையான கல் என்றால் விட்டத்தை மீட்டரில் எடுத்து அதையே மூன்று முறை வைத்துப் பெருக்குங்கள். விடையை 1,400-ஆல் பெருக்கினால் கிலோவில் எடை வந்துவிடும். 30 செ.மீ. கல் 38 கிலோ, ஆளே தூக்கிவிடலாம். 45 செ.மீ. கல் கிட்டத்தட்ட 130 கிலோ. 60 செ.மீ. என்றால் 300 கிலோ. 75 செ.மீ.க்கு 590 கிலோ. 90 செ.மீ. கல் ஒரு டன். ஒரு மீட்டர் கல் 1,400 கிலோ.

இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள். 60-இலிருந்து 75-க்குப் போகும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை, எடையோ இருமடங்கு. "இது அதைவிடக் கொஞ்சம்தானே பெரிசு" என்று நினைத்துத்தான் ஹைட்ராலிக் குழாயைப் பலரும் வெடிக்க விடுகிறார்கள். பாதி புதைந்த கல்லாக இருந்தால் மண்ணின் பிடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுற்றி மண்ணைத் தளர்த்தாமல் நேராகத் தூக்கப் பார்த்தால் எடையைவிட நிறையவே அதிக விசை கேட்கும்.

அடுத்தது: கற்களை மூன்று குவியலாக மனதில் பிரியுங்கள்

வாரா வாரம் கை வைக்கப்போகிற கற்கள் ஒரு வகை: உழும்போது மேலே வருபவை, பாதையில் உருண்டு விழுபவை. ஒரே ஒரு முறை நகர்த்தினால் போதும் என்பவை இன்னொரு வகை. கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடக்கூடியவை மூன்றாவது.

டிராக்டரின் அளவை முதல் வகைதான் தீர்மானிக்க வேண்டும். நிலத்தின் மிகப் பெரிய கல்லைப் பார்த்து டிராக்டர் வாங்குவது, கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து வீட்டுக்குப் பானை வாங்குவது போல. அந்தப் பெரிய கற்களுக்கு இரண்டு நாள் எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுத்தால் வேலை முடிந்தது. எட்டு டன் எக்ஸ்கவேட்டர் ஒரு மணி நேரத்தில் பெயர்க்கும் கல்லை எந்த 50 எச்.பி. டிராக்டரும் ஒரு நாளில் பெயர்க்காது. பெயர்த்தாலும் எதையாவது வளைத்துவிட்டுத்தான் பெயர்க்கும். இதை ஏற்றுக்கொண்டால் வாங்க வேண்டிய டிராக்டரின் அளவு ஒரு படி இறங்கும்.

சட்டகத்தைப் பார்த்து வாங்குவது

சட்டகம் என்பது எஞ்சினையும் அச்சுகளையும் தாங்கும் உடல். அதன் அளவை வைத்துச் சிறிய டிராக்டர்களைத் தோராயமாக மூன்று கூட்டமாகப் பார்க்கலாம். 25 எச்.பி.க்குக் கீழே, 600 முதல் 900 கிலோவரை இருக்கும் மிகச் சிறியவை. 25 முதல் 35, 40 எச்.பி. வரை, 1,000 முதல் 1,500 கிலோ வரையிலான நடுத்தரம். அதற்கு மேலே 50 எச்.பி. வரை, ஒன்றரை டன்னைத் தாண்டும் பெரிய சட்டகம்.

இதில் புதியவர்களுக்குப் பிடிபடாத ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே சட்டகத்தில் வெவ்வேறு எஞ்சினை வைத்தோ, ஒரே எஞ்சினை வெவ்வேறு அளவுக்கு முறுக்கியோ 25, 33, 39 என்று மூன்று பெயரில் விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். எடை ஒன்று, அச்சு ஒன்று, பல நேரங்களில் லோடரும், அதாவது முன்னால் பக்கெட்டைத் தூக்கும் கைகளும், ஒன்றே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 19 கிலோவாட்டுக்கு மேல், அதாவது சுமார் 25 எச்.பி.க்கு மேல், இறுகுகின்றன. அந்தக் கோட்டைத் தாண்டிய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைக்கரி வடிகட்டி வேண்டும். அதை அவ்வப்போது சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். 24.8 என்று வாயில் நுழையாத எண்ணில் இத்தனை டிராக்டர்கள் வந்து நிற்பது இதனால்தான். கல் வேலைக்கு வாங்குபவருக்கு இது ஒரு வசதி. கனமான சட்டகத்தில் எச்.பி. குறைந்த மாடலை எடுத்தால் தூக்குவதும் இழுப்பதும் பெரிதாகக் குறையாது, எஞ்சினும் எளிமையாக இருக்கும். நீளமான மேட்டில் வேகமும், பி.டி.ஓ.வில், அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டில், ஓடும் பெரிய கருவிகளும்தான் கொஞ்சம் அடிவாங்கும்.

இழுவைக்கு ஒரு தோராயக் கணக்கு: நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர், உறுதியான காய்ந்த மண்ணில் தன் எடையில் பாதியளவு விசையோடு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத்திலும் சரளையிலும் அதுவும் குறையும். பாறை நிலத்துக்கு இருசக்கர இழுவை டிராக்டர் வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சரிவு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன், அது இழுவை மட்டுமல்ல.

லோடரின் எண்களை நம்புவதற்கு முன்

விளம்பரத் தாளில் "தூக்கும் திறன் 400 கிலோ" என்று போட்டிருக்கும். எங்கே அளந்த 400 என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பக்கெட்டை மாட்டும் முளை இருக்கும் புள்ளியில் அளந்தது. கல் அங்கேயா உட்காருகிறது? அரை மீட்டர் முன்னால், பக்கெட்டின் நடுவில் உட்காருகிறது. அங்கே அளந்தால் கால்வாசியாவது குறையும். 300 என்று வையுங்கள். பக்கெட்டும் சும்மா வராது. அதன் எடையையும் கழித்தால் கைக்கு மிஞ்சுவது 200 கிலோவுக்குச் சற்று மேலே. அதாவது அரை மீட்டர் கல் ஒன்று. மிகச் சிறிய டிராக்டர் தூக்குவது அவ்வளவுதான்.

நடுத்தர டிராக்டரில் 600 கிலோ என்று போட்டிருந்தால் இதே கணக்கில் 350 கிலோ மிஞ்சும். 60 செ.மீ. கல்லைத் தூக்கலாம். லோடர் ஒன்றரை மடங்கு பெரிதாகியும் கல்லின் அகலம் பத்து செ.மீ.தான் கூடியிருக்கிறது. விட்டத்தை மூன்று முறை வைத்துப் பெருக்குவது செய்கிற வேலை இது. ஆகவே லோடர் அளவை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவதில் ஒரு கட்டத்துக்குப் பிறகு பலன் இல்லை. தூக்க முடியாததை உருட்டலாம், பலகை போன்ற இரும்புத் தகட்டில் ஏற்றி இழுக்கலாம். தூக்குவதற்கு ஆகும் விசையைவிட இழுப்பதற்குக் குறைவாகவே ஆகும்.

கல்லைக் கவ்விப் பிடிக்கும் கிராப்பிள் எல்லோருக்கும் ஆசை. நல்ல சாமான்தான். ஆனால் அதன் எடையே 150 கிலோவைத் தாண்டிவிடும். மிகச் சிறிய டிராக்டரில் மாட்டினால் கிராப்பிளைத் தூக்குவதிலேயே பாதிச் சக்தி போய்விடும். அதற்குத் தனி ஹைட்ராலிக் வால்வும் வேண்டும். வாங்கும்போதே போட்டுக்கொள்வது பிறகு போடுவதைவிடச் சுலபம். நடுத்தரத்துக்குக் கீழே என்றால் கம்பி இடைவெளி விட்ட கல் பக்கெட் போதும். மண் உதிர்ந்துவிடும், கல் தங்கும்.

பின்பக்க எதிர் எடை பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வருஷம் நான் அதை அலட்சியம் செய்தேன். முன்னால் கல் ஏறியதும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும், நான் பெருமையாகப் படம்கூட எடுத்தேன். முன் அச்சின் நடு முளை ஒரே வருஷத்தில் தேய்ந்து ஆட ஆரம்பித்தது. டயருக்குள் திரவம் நிரப்பினால் எடை கூடும், பிடிப்பு கூடும். ஆனால் முன் அச்சின் சுமை குறையாது. பின் அச்சுக்கும் பின்னால், கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் கான்கிரீட் பெட்டியையோ கனமான கருவியையோ தொங்கவிட்டால்தான் தராசு போல முன்பக்கம் லேசாகும். கூர்மையான கல் நிறைந்த நிலத்தில் திரவத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் நிரப்பியது மொத்தமும் மண்ணுக்குப் போகும். அங்கே சக்கரத்தில் மாட்டும் வார்ப்பிரும்பு எடையே என் தேர்வு.

சரிவு

பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. பக்கெட்டில் கல்லோடு சரிவில் இறங்கும்போது பின்பக்கம் லேசாகிறது. பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் நிற்கும், டிராக்டர் நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு வைத்திருந்தால் முன் சக்கரங்களும் அச்சு வழியாகப் பிடித்து நிறுத்தும். சரிவில் அதை எடுத்துவிட்டு ஓட்டவே கூடாது.

கனமான பக்கம் மேட்டைப் பார்க்க வேண்டும். பக்கெட்டில் கல் இருந்தால் மேலே ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. கல்லை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, தரையில் உரசாத அளவுக்கு மட்டும் தூக்கிக் கொண்டுபோங்கள். குறுக்குச் சரிவில் சுமையோடு போகாதீர்கள். பக்கவாட்டில் ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் நீங்கள் பார்த்துக் கணித்த சரிவு அந்த நொடியில் வேறொன்றாகிவிடுகிறது.

சங்கிலியைக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல் இணைப்பிலோ அச்சிலோ மாட்டி, அசையாத கல்லை இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் கிளட்ச்சைத் தேடுவதற்குள் முடிந்துவிடும், இரண்டு வினாடிகூட ஆகாது. தலைக்கு மேலே ரோல்பார், அதாவது கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம், நிமிர்ந்திருக்க வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ரோல்பாரை மடக்கிவிட்டு பெல்ட் மட்டும் போடுவது இரண்டையும் விட்டுவிடுவதைவிட மோசம்.

அளவைத் தேர்வதில் இதற்கு என்ன சம்பந்தம் என்றால், அகலம். சரிவு அதிகமான நிலத்தில் உயரமான, குறுகிய டிராக்டர் ஆபத்து. பின் சக்கர இடைவெளியை அகலப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். உயரமான பட்டைகள் கொண்ட விவசாய டயர் போட்ட வண்டிகளில் பெரும்பாலும் முடியும். தொழிற்சாலை வகை டயர் போட்டவற்றில் பல மாடல்களில் முடியாது. எதிர்ப்பக்கம், மரங்களுக்கு நடுவே போகிற பாதையின் குறுகலான இடத்தையும், கதவையும் அளந்துவிடுங்கள். 1.2 மீட்டர் அகல டிராக்டர் நுழையும் இடத்தில் 1.7 மீட்டர் நுழையாது.

அடிவயிறும் டயரும்

தரைக்கும் டிராக்டரின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம்? மிகச் சிறியவற்றில் 15 முதல் 20 செ.மீ.தான் இருக்கும், நடுவில் புல்வெட்டி தொங்கினால் அதுவும் இல்லை. நடுத்தரத்தில் 30 செ.மீ. அளவு கிடைக்கும். நிலத்தில் கால்பந்து அளவுக் கற்கள் புல்லுக்குள் ஒளிந்திருந்தால், மற்ற எல்லாக் கணக்கும் சிறியது போதும் என்று சொன்னாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே நடுத்தரத்துக்குப் போகலாம். விற்பனைக் கூடத்தில் வெட்கப்படாமல் தரையில் படுத்து அடியில் பாருங்கள். ஹைட்ராலிக் குழாய், எண்ணெய் வடிகட்டி, எரிபொருள் குழாய் இவை எங்கே தொங்குகின்றன? அடியில் தகடு போட இடமிருக்கிறதா? விற்பவர் வியப்பாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

டயரில் தடித்த பக்கச் சுவர் கொண்ட தொழிற்சாலை வகைதான் கல்லுக்குத் தாங்கும். விவசாய டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், கூர்க்கல்லில் கிழியும். புல்தரை டயர் இந்த நிலத்துக்கு ஆகவே ஆகாது.

கியர்

சுருக்கமாகவே சொல்கிறேன்: லோடர் வேலை அதிகம் என்றால் பெடலை மிதித்தே முன்னும் பின்னும் போகிற ஹைட்ரோஸ்டாட்டிக். கல்லுக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் நூறு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். கியர் வண்டியில் கிளட்ச்சும் இடது முழங்காலும் சேர்ந்து தேயும். உழவே பிரதானம் என்றால் கியர் வண்டி மலிவு, சக்தி இழப்பும் குறைவு.

கருவிகள்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது. பணத்தில் ஒரு பங்கைக் கருவிகளுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், அதற்காக டிராக்டரில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தாலும்.

கல் நிலத்தில் ரோட்டவேட்டரை மறந்துவிடலாம். கத்திகள் உடையும், பெட்டி அதிரும், கல்லோ அங்கேயே இருக்கும். முதலில் ஒற்றைக் கொழு ஆழக் கலப்பையால் கீறிக் கல்லை மேலே கொண்டுவந்து, பிறகு ஸ்பிரிங் வைத்த கொழுக் கலப்பையால் உழுவது முறை. கல்லில் பட்டால் ஸ்பிரிங் பின்வாங்கித் தாண்டிவிடும். மேலே வந்த சிறு கற்களைக் கூட்டிச் சேர்க்க அகலமான கல்வாரி. பாதை சீராக்க, கீறும் பற்கள் வைத்த பெட்டி பிளேடு. அதுவே நல்ல எதிர் எடையும் ஆகும்.

புதர் வெட்டியைத் தேர்வதற்கு எஞ்சின் எச்.பி. அல்ல, பி.டி.ஓ. எச்.பி. தெரிய வேண்டும், அது எஞ்சினைவிட பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம்வரை குறைவாக இருக்கும். 30 செ.மீ. அகலத்துக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. 20 இருந்தால் 120 செ.மீ. வெட்டி, 25 இருந்தால் 150 செ.மீ. கல் நிலத்தில் ஒரு அளவு குறைவாகவே எடுங்கள். வழுக்கும் கிளட்ச் உள்ளதாகப் பாருங்கள்; பருவத்துக்கு ஒரு முறை அதைத் தளர்த்தி வழுக்கவிட்டு மறுபடி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, கல்லில் அடித்த அதிர்ச்சி நேரே கியர் பெட்டிக்குப் போகும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாமல் ஓட்டாதீர்கள். தெறிக்கும் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி. நூறு மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன்

மனதில் இருக்கும் அளவில் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சுண்ணாம்பு போட்டு வைத்த கற்களிடம் கொண்டுபோங்கள். "வாராந்தர" வகையில் நீங்கள் பிரித்த கற்களில் பத்துக்கு எட்டைச் சிரமப்படாமல் தூக்கினால் அளவு சரி. ஐந்துதான் என்றால் ஒரு சட்டகம் மேலே. பத்துக்குப் பத்தும் விளையாட்டாகத் தூக்கினால், ஒரு படி கீழேயும் ஓட்டிப் பாருங்கள்.

பழைய டிராக்டர் என்றால் மணிக்கணக்கு மீட்டரைவிட உடம்பைப் பாருங்கள். பக்கெட்டின் கீழ் விளிம்பு நேராக இருக்கிறதா? லோடர் தூண்களை மாட்டியிருக்கும் இடத்தில் பற்றவைப்பின் ஓரம் மயிரிழை வெடிப்பு உண்டா, புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறதா? முன்பக்கத்தைத் தூக்கி வைத்து முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அச்சு ஆடுகிறதா? லோடரை முழு உயரத்துக்குத் தூக்கி, அடியில் யாரும் நிற்காமல், எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். அதற்குள் பக்கெட் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலுக்கும் வால்வுக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.